எண்ணூரைக் காக்க ஒரு வாளி, ஒரு பாட்டு!

2017 ஜனவரி 28, விடியற்காலை. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கொட்டிய எண்ணெய், எர்ணாவூர் கரையில் கறுப்புக் களியாக ஒதுங்கியது.

உறிஞ்சி எடுக்க லாரிகள் வந்தன. களியின் கனத்துக்கு முன்னால் அவை திணறின. கடைசியில் கைகொடுத்தது, வீட்டில் தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் வாளிதான்! கல்லூரி மாணவர்கள், தன்னார்வலர்கள், மீனவர்கள், கடலோரக் காவல்படையினர் எனப் பலரும் பாறைகளில் நின்று எண்ணெயை அள்ளி, வாளி வாளியாகக் கைமாற்றினார்கள்.

அள்ளினால் மட்டும் போதுமா? கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பலும் பல வருடங்களாகப் படிந்துகிடக்கிறது. ஆறு மேடானால் மீனும் இறாலும் குறையும். மழை வெள்ளம் கடலுக்கு வடிய வழியின்றி ஊருக்குள் நிற்கும்.

இதை நகரத்தின் காதில் போட, ஆர்வலர்கள் கையிலெடுத்தது பாட்டு. கபேர் வாசுகி எழுதி, டி.எம்.கிருஷ்ணா பாடிய ‘சென்னை பொறம்போக்கு பாடல்’ எண்ணூரில் படமாக்கப்பட்டு, அதே ஜனவரியில் யூடியூபில் வெளியானது. நாம் வசவாகச் சொல்லும் ‘பொறம்போக்கு’, உண்மையில் ஊருக்கே பொதுவான நிலம் எனப் பலருக்கும் புரிந்தது.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். மணலியிலிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய், மறுபடியும் எண்ணூர் முகத்துவாரத்தை மூடியது. மறுபடியும் படகேறிக் கையால் அள்ளினார்கள் மீனவர்கள்.

ஆபத்துக்கு வாளி உதவும். ஆனால், அந்த வாளிக்கு வேலையே இல்லாத எண்ணூர்தான் அங்குள்ள பிள்ளைகளுக்கு வேண்டும்!