கெடா வெயிலில் குட்டை எல்ம்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒட்டுக்கன்று புதிதல்ல. ஆர்ஆர்ஐஎம் 600 என்ற ரப்பர் ரகத்தை விதையிலிருந்து எழுப்பினால் தாய்மரத்தின் குணம் அப்படியே வராது; அதனால்தான் மொட்டை எடுத்து வேறு நாற்றில் ஒட்டுகிறார்கள். போன்சாய் பிரியர்கள் தேடும் 'ஹொக்கைடோ' எல்மும் அப்படித்தான். அதன் குள்ளத்தனம் விதையில் நிலைக்காது. இளங்கிளையை வெட்டி, ஈரமணலில் செருகி, மேலே பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து வேர்விடச் செய்வார்கள்.

இதன் மூலமரமான சீன எல்ம் மண்ணில் வளர்ந்தால் 15 மீட்டரைத் தாண்டும். ஹொக்கைடோவின் இலையோ ஒரு சென்டிமீட்டரைக்கூட எட்டாது. பட்டை தக்கையாகத் தடித்து வெடித்திருக்கும். இதிலிருந்து திடீர் மாற்றமாகக் கிளைத்ததே 'செய்ஜு'. இலை சற்றுப் பெரிது, வளர்ச்சியும் வேகம்.

எல்ம் இனத்துக்கே எமனாக வந்தது டச்சு எல்ம் நோய். வண்டுகள் சுமந்து பரப்பிய இந்தப் பூஞ்சையால் பிரிட்டனில் மட்டும் கோடிக்கணக்கான மரங்கள் பட்டுப்போயின. சீன எல்ம் இதை நன்றாகவே தாங்குகிறது.

குளிர் நாட்டில் இலை உதிர்த்து ஓய்வெடுக்கும் மரம் இது. மலேசியாவின் கெடாவில் குளிர்காலம் ஏது? இலையோடே நிற்கும், துளிர்த்துக்கொண்டே இருக்கும். எனவே கத்தரிக்கோலுக்கு ஓய்வில்லை. ஹொக்கைடோவின் கிளைகள் சட்டென முறிபவை; கம்பி சுற்றி வளைக்க நினைத்தால் கையோடு வந்துவிடும். இதற்குக் குவாங்டோங் பகுதியின் லிங்னான் முறையே தோது: கிளையை வளரவிடு, வேண்டிய திசையைப் பார்க்கும் மொட்டுக்கு மேலே வெட்டு, மறுபடி வளரவிடு. பொறுமைதான் செலவு.

தண்ணீர் விஷயத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் சின்னச் சட்டி ஒரே பகலில் காய்ந்துபோகும். காலை, மாலை இரு வேளையும் ஊற்ற வேண்டும். அக்டோபர் மழையிலோ களிமண்ணில் வேர் அழுகும். உடைத்த செங்கல், பருமணல், கொஞ்சம் கருக்கிய நெல் உமி கலந்தால் நீர் நிற்காமல் வடியும். உமிக்கு நெல் விளையும் கெடாவில் பஞ்சமா என்ன! சட்டி வெளியில்தான் இருக்க வேண்டும், வரவேற்பறை மேசையில் அல்ல.

முதல் முறை போன்சாயில் கைவைப்பவர்கள் ஹொக்கைடோவை வாங்கிப் பணத்தை இழக்க வேண்டாம். சீனர்கள் 'சுய் மெய்' என்று சொல்லும் நம் வட்டார மரம் இருக்கிறது. வெட்பாலையின் உறவு, வெள்ளைப் பூவும் வாசமும் உண்டு, இந்த வெயிலுக்கே பிறந்தது. ஒரு வருடம் அதில் கத்தரித்துப் பழகிவிட்டு எல்முக்கு வாருங்கள்.