கம்ப்யூட்டர் லேபில் ஓர் உலகப் போர்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதலில் சூடு பிடிப்பது கேம்ஸ்தான். சுட்டும் கார் ஓட்டியும் சலித்துவிட்டதா? பேசிப் பேசியே ஜெயிக்க வேண்டிய ஒரு விளையாட்டைச் சொல்கிறேன். பெயர் டிப்ளமஸி. அமெரிக்கரான ஆலன் கால்ஹாமர் 1959-ல் வெளியிட்ட போர்டு கேம் இது. இன்று பிரவுசரிலேயே ஆடலாம்.

முதல் உலகப் போருக்கு முந்தைய ஐரோப்பா மேப், ஏழு நாடுகள். தாயக்கட்டை கிடையாது. முதலில் பேச்சுவார்த்தை. பிறகு ஒவ்வொருவரும் தன் படைகளுக்கான உத்தரவுகளை ரகசியமாக எழுத வேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில் பிரிக்கப்படும். சம பலம் மோதினால் இருவரும் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். ஆகவே இன்னொரு நாட்டின் துணை இல்லாமல் அதிக தூரம் போக முடியாது. 34 மையங்களில் 18-ஐப் பிடித்தால் வெற்றி.

ராயபுரத்தில் ஒரு பள்ளியின் கம்ப்யூட்டர் லேபில் ஒன்பதாம் வகுப்புக்கு இதை நடத்தினேன். ஏழு கம்ப்யூட்டர், ஏழு அணி. உத்தரவுகளை நோட்பேடில் டைப் செய்து என் பென் டிரைவில் சேவ் செய்ய வேண்டும். (பக்கத்து மானிட்டரை எட்டிப் பார்க்காமல் தடுப்பதே பெரும்பாடு.)

இத்தாலி, ஆஸ்திரியா அணிகளின் தலைவிகள் திருவொற்றியூரிலிருந்து ஒரே ஷேர் ஆட்டோவில் வரும் தோழிகள். ஒருவரையொருவர் தாக்க மாட்டோம் என்று வேர்டில் ஒப்பந்தம் அடித்து, பிரிண்ட் எடுத்துக் கையெழுத்தும் போட்டார்கள். அதை நம்பி ஆஸ்திரியா, டிரியெஸ்ட் துறைமுகத்துக் கப்பற்படையை அல்பேனியாவுக்கு அனுப்பியது. இத்தாலியின் ஃபைலைத் திறந்தேன். "வெனிஸ் படை டிரியெஸ்டுக்கு" என்று இருந்தது.

"சார், கையெழுத்துப் போட்டிருக்கா பாருங்க!" என்று பிரிண்ட்அவுட்டோடு ஓடி வந்தாள் ஆஸ்திரியா. நடுவர் ஒப்பந்தத்தைப் பார்ப்பதில்லை, படை நிற்கும் இடத்தைத்தான் பார்ப்பார் என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று இருவரும் தனித்தனி ஆட்டோவில் போனார்கள். எனக்கும் மனசு சரியில்லை.

அடுத்த வகுப்பில் நிஜக் கதையைச் சொன்னேன். 1882 முதல் ஜெர்மனி, ஆஸ்திரியாவோடு கூட்டணியில் இருந்த இத்தாலி, 1914-ல் போர் மூண்டபோது ஒதுங்கி நின்றது. 1915-ல் எதிரணிக்குப் போய் ஆஸ்திரியா மீதே போர் தொடுத்தது. அதற்கு அந்த அணி தருவதாக ரகசியமாக ஒப்புக்கொண்ட இடங்களில் டிரியெஸ்டும் ஒன்று! வகுப்பே இத்தாலி அணியைத் திரும்பிப் பார்த்தது.

இன்னொரு கூட்டணியின் விளைவு நம் கடற்கரைக்கே வந்தது. 1902 முதல் பிரிட்டனின் கூட்டாளி ஜப்பான். 1914 ஆகஸ்டில் அதுவும் ஜெர்மனி மீது போர் அறிவித்தது. சீனாவில் ஜெர்மனி வசமிருந்த சிங்தாவ் துறைமுகம் கிடைக்கும் என்ற ஆசையும் அதற்கு உண்டு. ஜப்பானும் எதிரி என்றால் ஜெர்மன் கப்பல்கள் அந்தப் பக்கம் தங்க முடியாது. பெரிய கப்பல்கள் பசிபிக்கைக் கடந்து தென் அமெரிக்கா நோக்கிப் போக, எம்டன் மட்டும் இந்தியப் பெருங்கடலுக்கு வந்தது. செப்டம்பர் 22 இரவு அது சுட்டதில் சென்னைத் துறைமுகத்தருகே பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்குகள் பற்றி எரிந்தன. 'சரியான எம்டன்' என்று திட்டுகிறோமே, அது இந்தக் கப்பல்தான்.

இரண்டாவது ஆட்டத்திலும் தோழிகள் அதே நாடுகளைக் கேட்டு வாங்கினார்கள். புது ஒப்பந்தத்தில் ஒரு வரி கூடியிருந்தது: வெனிஸ் படை முதலில் மேற்கே பீட்மாண்டுக்குப் போக வேண்டும்; பிறகுதான் டிரியெஸ்ட் கப்பல் நகரும்.

நீங்களும் ஆட விரும்பினால் கூகுளில் வெப்டிப்ளமஸி என்று தேடுங்கள். இலவசம்தான். 2022-ல் மெட்டா நிறுவனத்தின் சிசரோ என்ற புரோகிராம் மனிதர்களோடு பேரம் பேசி 40 ஆட்டங்கள் ஆடியது இந்தத் தளத்தில்தான். முன்பின் தெரியாதவர்களோடு ஆடும்போது சொந்த விவரம் எதையும் டைப் செய்யாதீர்கள்.