137வது தெருவுல ஒரு காலேஜ்

நியூயார்க்ல காலேஜ்னா நம்ம மக்களுக்கு உடனே ஞாபகம் வர்றது கொலம்பியாவும் என்.ஒய்.யூ.வும்தான். கொலம்பியா வாசல்ல ஒண்ணாம் நம்பர் ரயிலைப் பிடிச்சு வடக்கே ரெண்டே ஸ்டாப் போனா 137வது தெரு. இறங்கி மேடேறினா பழைய சர்ச் மாதிரி ஒரு பெரிய கட்டடம். மன்ஹாட்டன் தீவோட அடியில கிடக்கிற அதே பாறையை வெட்டிக் கட்டினது. அதுதான் சிட்டி காலேஜ். நம்ம ஊர்ல அவ்வளவா யாரும் பேசாத இந்தக் காலேஜைப் பத்திதான் இன்னிக்குப் பதிவு.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கலாம். 1847. டவுன்செண்ட் ஹாரிஸ்னு ஒரு வியாபாரி, நகரக் கல்வி வாரியத்துக்குத் தலைவரா இருந்தவர். பணக்காரன் பிள்ளையும் ஏழை பிள்ளையும் ஒரே பெஞ்சுல உட்கார்ந்து, காசு கட்டாம, உயர்கல்வி படிக்கணும்னு கிளம்பினார். ஊர் மக்கள்கிட்ட ஓட்டெடுப்பு நடத்தி, பெரும்பான்மை சரின்னு சொன்ன பிறகு ஆரம்பிச்ச காலேஜ் இது. அப்போ பேரே 'இலவச அகாதமி'. (பெண்களுக்கு மட்டும் கதவு முழுசா திறக்க 1951 வரைக்கும் ஆச்சு. அதையும் சொல்லிடணும் இல்லையா.)

1920கள்ல ஹார்வர்ட், கொலம்பியா மாதிரி இடங்கள் யூத மாணவர்களுக்கு மறைமுகமா ஒரு கோட்டா வச்சு வடிகட்டின காலம். தையல் கடையிலயும் தெருவோரக் கடையிலயும் பிழைச்ச புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைங்க எங்கே போவாங்க? இங்கேதான் வந்தாங்க. மதியம் கேன்டீன்ல சுவரோரமா இருந்த தடுப்பு அறைகள்ல உட்கார்ந்து மணிக்கணக்கா அரசியல் சண்டை போட்டாங்க. ஒண்ணாம் நம்பர் அறை ஸ்டாலின் எதிர்ப்பாளர்களுக்கு, ரெண்டாம் நம்பர் ஸ்டாலின் ஆதரவாளர்களுக்கு. டேனியல் பெல், இர்விங் ஹோவ், இர்விங் கிரிஸ்டல் எல்லாம் ஒண்ணாம் நம்பர்ல வாய்ச்சண்டை பழகினவங்கதான்.

1937ல பட்டம் வாங்கின ஒரே செட்டுல மட்டும் மூணு பேர் பின்னாடி நோபல் வாங்கினாங்க: கோர்ன்பெர்க், கார்லே, ஹாப்ட்மன். போலியோ தடுப்பூசி கண்டுபிடிச்ச ஜோனாஸ் சால்க் 1934 செட். ஹங்கேரியிலிருந்து அகதியா வந்து, 1960ல கெமிக்கல் இன்ஜினியரிங் முடிச்சு, பின்னாடி இன்டெல் கம்பெனியை நடத்தின ஆண்டி க்ரோவும் இந்த ஊர்க்காரர்தான். யாரும் ஃபீஸ் கட்டலை. ஆனா உள்ளே நுழைய நல்ல மார்க் வேணும்.

இங்கேதான் கதை சிக்கலாகுது.

1960கள்ல காலேஜைச் சுத்தி இருக்கிற ஹார்லெம் முழுக்கக் கறுப்பின மக்கள். உள்ளே படிக்கிறவங்க பெரும்பாலும் வெள்ளைக்காரப் பிள்ளைங்க. வாசல்ல வீடு, உள்ளே இடமில்லை! 1969 ஏப்ரல்ல கறுப்பின, போர்ட்டோ ரிக்க மாணவர்கள் தெற்கு வளாகத்தைப் பூட்டிப் போராட்டம் பண்ணாங்க. காலேஜே ரெண்டு வாரம் நின்னுது. விளைவு, 1970லிருந்து நகரத்துல பள்ளி முடிச்ச யாருக்கும் நகரப் பல்கலைக்கழகத்தோட ஏதாவது ஒரு காலேஜ்ல இடம் உண்டுன்னு அறிவிச்சாங்க. இதனால உள்ளே வந்தவங்கள்ல ஏழை இத்தாலிய, ஐரிஷ் வீட்டுப் பிள்ளைங்களும் ஏராளம்.

"தரம் போச்சு"ன்னு ஒரு கூட்டம் கத்த ஆரம்பிச்சது. வாக்கியம் சரியா எழுத வராத பசங்க நிஜமாவே நிறைய பேர் வந்தாங்க, அதை மறைக்க வேண்டியதில்லை. அப்போ அங்கே இருந்த மினா ஷாக்நெஸி என்கிற பேராசிரியை ஒரு காரியம் செஞ்சாங்க. மாணவர்கள் நுழைவுக்காக எழுதின சுமார் 4,000 கட்டுரைகளை எடுத்துவச்சு, ஒவ்வொரு தப்பும் ஏன் வருதுன்னு பார்த்தாங்க. தப்புகள் கண்டபடி வரலை, ஒவ்வொண்ணுக்குப் பின்னாடியும் ஒரு யோசனை இருக்கு, இவங்க முட்டாள்கள் இல்லை, எழுதப் பழக்கப்படாதவங்க, அவ்வளவுதான்னு 1977ல புத்தகமா போட்டாங்க. ஆட்ரி லார்ட், ஏட்ரியன் ரிச், ஜூன் ஜோர்டன் மாதிரி பெரிய கவிஞர்கள் அந்தக் காலத்துல இங்கே இதே பிள்ளைங்களுக்கு எழுதக் கத்துக்கொடுத்திருக்காங்க. யோசிச்சுப் பாருங்க, அடிப்படை இங்கிலீஷ் வகுப்புக்கு வாத்தியார் ஆட்ரி லார்ட்!

ஆனா காலம் ஒத்துழைக்கலை. 1975ல நியூயார்க் நகரமே திவாலாகிற நிலை. 1976ல பணமில்லாம நகரப் பல்கலைக்கழகத்தையே ரெண்டு வாரம் இழுத்து மூடினாங்க. திறந்தப்போ கட்டணம் வந்தாச்சு. 129 வருஷம் இலவசமா இருந்தது அந்த வருஷத்தோட முடிஞ்சுது. நெருக்கடி நிஜம்தான், மறுக்கலை. ஆனா உலகப் போர்லயும் 1930களோட பெரும் பஞ்சத்துலயும் தாக்குப்பிடிச்ச இலவசக் கல்வி, கறுப்பினப் பிள்ளைங்க உள்ளே வந்த ஆறாவது வருஷம் போச்சுன்னா மனசு உறுத்தாதா? 1999ல, பின்தங்கி வர்றவங்களுக்கான அடிப்படை வகுப்புகளை நாலு வருஷக் காலேஜ்கள்லேர்ந்து எடுக்கறதுன்னு முடிவாச்சு.

அப்போ அந்த 'திறந்த கதவு' தோல்வியா? பால் அட்டெவெல், டேவிட் லாவின்னு ரெண்டு சமூகவியலாளர்கள், 1970களோட தொடக்கத்துல சேர்ந்த பெண்களை முப்பது வருஷம் கழிச்சுத் தேடிப் போய்ப் பார்த்தாங்க. நாலு வருஷத்துல முடிக்காதவங்க நிறைய. ஆனா வேலை, குழந்தைன்னு நடுவுல விட்டுட்டு, திரும்பி வந்து, பெரும்பாலானவங்க ஏதோ ஒரு பட்டம் வாங்கியிருந்தாங்க. அவங்க பிள்ளைங்களும் படிப்புல முன்னேறியிருந்தாங்க. 2007ல வந்தது இந்த ஆய்வு. நாலாவது வருஷம் கணக்குப் பார்த்தவனுக்கு அது நஷ்டம், முப்பதாவது வருஷம் பார்த்தவனுக்கு லாபம். 2017ல ராஜ் செட்டி குழு வெளியிட்ட ஆய்வுலயும், ஏழை வீட்டுப் பிள்ளைங்களை மேல்தட்டு வருமானத்துக்குக் கொண்டுபோறதுல நாட்டுலயே முதல் பத்து இடத்துக்குள்ள இந்த நகரப் பல்கலைக்கழகம் இருக்கு.

ஒரு காலேஜ் எவ்வளவு ஒசத்தின்னு நாம எப்படி அளக்கிறோம்? எத்தனை பேரை வெளியே நிறுத்துதுன்னு பார்த்து. நூத்துல அஞ்சு பேருக்குத்தான் சீட்டுன்னா அது பெரிய காலேஜ். ஆஸ்பத்திரியை யாராவது இப்படி அளப்பாங்களா? நோயாளியே இல்லாதவனா பார்த்துச் சேர்த்துக்கிட்டு "எங்ககிட்ட வந்த யாரும் சாகலை"ன்னு சொன்னா சிரிக்க மாட்டோம்?

இப்போ அங்கே கட்டணம் உண்டு. மாநில உதவித்தொகையில காசு கட்டாம படிக்கிறவங்களும் உண்டு. நியூயார்க் வர்றவங்க சுதந்திர தேவி சிலையைப் பார்த்துட்டு, நேரமிருந்தா 137வது தெருவுலயும் இறங்குங்க. வந்தவங்களை வான்னு கூப்பிடறது சிலை. கூப்பிட்டு உட்கார வச்சு, பாடம் சொல்லிக்கொடுத்தது இந்தக் காலேஜ் :-)