உப்பு எங்கே போகும்?

சென்ற வாரம் வெள்ளியங்கிரி மலையடிவாரத்தில் தொடங்கி, கோவைக் குளங்கள் வழியாக நொய்யலோடு வந்தோம். இந்த வாரம் திருப்பூர்.

நொய்யல் கெட்ட கதையை எழுதுகிறவர்கள் சிவப்பும் ஊதாவுமாக நுரைத்தோடும் சாயத் தண்ணீரின் படத்தைத்தான் போடுகிறார்கள். பார்த்தால் வயிறு எரிகிறது. ஆனால் கரையோர விவசாயத்தைச் சாய்த்தது, கண்ணுக்குத் தெரியாமல் அந்தத் தண்ணீரில் கரைந்திருந்த உப்பு. நிறத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததில் பல ஆண்டுகளை வீணாக்கிவிட்டோம்.

சாயப்பட்டறைக்குள் கொஞ்சம் நிற்போம். பனியன் துணிக்கு ஏற்றுவது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம். தண்ணீரில் நனைந்த பருத்தி இழைக்கு எதிர்மின் தன்மை உண்டு, சாயத்துக்கும் அதேதான். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் தள்ளலை அடக்கிச் சாயத்தை இழையிடம் நெருக்கிக்கொண்டு போகத்தான் உப்பு. சாதாரண உப்போ கிளாபர் உப்போ, அடர்த்தியான நிறம் என்றால் லிட்டருக்கு 60 கிராமுக்கு மேலேயே போடுவார்கள். பிறகு சோடா சாம்பல் சேர்த்து, 60 டிகிரி சூட்டில் ஓட்டினால் சாயம் இழையைப் பிடித்துக்கொள்ளும். ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 கிராம் எடையுள்ள ஒரு கறுப்பு டீ-ஷர்ட்டுக்கு ஏறத்தாழ 100 கிராம் உப்பு வரும். கை நிறைய உப்பு, ஒரே ஒரு சட்டைக்கு.

அந்த உப்பு துணியில் தங்குவதில்லை. வேலை முடிந்ததும், இழையைப் பிடிக்காத சாயத்தோடு சேர்ந்து கழிவுநீரில் வெளியே வந்துவிடுகிறது. ஆரம்பகாலச் சுத்திகரிப்பு நிலையங்களில் சுண்ணாம்பும் பெரஸ் சல்பேட்டும் கொட்டிச் சாயத்தை வண்டலாக இறக்கினார்கள். தண்ணீர் தெளிந்தது, உப்பு போட்டது போட்டபடி இருந்தது. ஆற்றில் விடும் கழிவுநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று விதி இருந்தும், பட்டறைத் தண்ணீர் அதைத் தாண்டியே ஓடியது.

எல்லாம் போய்த் தேங்கிய இடம் ஒரத்துப்பாளையம். மழைக்கால வெள்ளத்தைப் பிடித்துப் பாசனத்துக்கு விடுவதற்காக 1992-ல் கட்டிமுடித்த அணை அது. சில வருடங்களிலேயே சாயத் தண்ணீர்த் தொட்டியாகிவிட்டது. தேக்கினால் சுற்றுவட்டாரக் கிணறுகளில் உப்பு ஊறும். திறந்தால் கீழே காவிரியில் கலக்கும். கடைசியில், தேக்குவதற்குக் கட்டிய அணையைத் தேக்காமலே வைத்திருக்கும்படி ஆனது. எந்த நிலத்துக்காகக் கட்டினார்களோ, அந்த நிலத்துக்காரர்களே அதை எதிர்த்துப் போராட வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

உப்புத் தண்ணீர் பாய்ந்த மண்ணுக்கு என்ன ஆகிறது? களிமண் துகள்களைச் சேர்த்துப் பிடித்து, இடையில் காற்றும் நீரும் போக வழிவிடுவது கால்சியம். சோடியம் வந்து அதன் இடத்தைப் பிடித்ததும் துகள்கள் பிரிந்து துளைகளை அடைக்கின்றன. மழை பெய்தால் தண்ணீர் இறங்காது. காய்ந்தால் மேல்மண் ஓடு கட்டிவிடும். ஜிப்சம் போட்டு நல்ல தண்ணீரால் கழுவினால் மண் தேறும். கழுவிய உப்பு? அது கீழே இறங்கி, மறுபடி கிணற்றுக்கே வரும்.

சென்னிமலைப் பக்கம், இதே நொய்யலின் கரையில்தான் கொடுமணலும் இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு உருக்கி, கல்மணிகளைப் பட்டை தீட்டிய ஊர். தொழில் இந்த ஆற்றுக்குப் புதிதல்ல. அவர்கள் விட்டுப்போன இரும்புக் கசடும் உடைந்த மணிகளும் போட்ட இடத்திலேயே கிடந்து, அகழாய்வில் கிடைத்தன. உப்பு அப்படிக் கிடக்காது, தண்ணீர் போகும் இடமெல்லாம் போகும்.

ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றப் படியேறினார்கள். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே வரக்கூடாது என்ற உயர் நீதிமன்ற உத்தரவு 2006-ல் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2009-ல் அங்கே தீர்ப்பானது. உத்தரவை நிறைவேற்றாததால் 2011 ஜனவரியில் 700-க்கும் மேற்பட்ட பட்டறைகளை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. ஊரே ஸ்தம்பித்தது. வேலையிழந்த தொழிலாளிகளின் துயரம் பெரிது. அதற்காக அந்த உத்தரவு தவறென்று சொல்ல என்னால் முடியாது.

இப்போதைய முறையில், கழிவுநீரை ஆர்.ஓ. சவ்வுகளில் செலுத்தி நல்ல தண்ணீரைப் பிரித்து, திரும்பவும் சாயமேற்ற எடுத்துக்கொள்கிறார்கள். மிஞ்சும் உப்புநீரில் ஒரு பகுதி மறுபடி சாயத் தொட்டிக்கே போகிறது. மீதியைக் கொதிக்கவைத்து வற்றவைக்கிறார்கள். இதற்கு ஆகும் எரிபொருளும் மின்சாரமும் கொஞ்சநஞ்சமல்ல. அவ்வளவு செலவையும் பட்டறைக்காரர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. சட்டையை வாங்கி விற்கும் பெரிய நிறுவனங்களும் அதில் பங்கு தர வேண்டும்.

வற்றவைத்த பிறகும் கலப்பு உப்பு என்று ஒன்று அடியில் தங்குகிறது. பலவகை உப்புகள் கலந்திருப்பதால் சாயத்துக்கும் ஆகாது, வேறெதற்கும் ஆகாது. மழை படாமல் மூட்டை மூட்டையாகக் கூரைக்கடியில் அடுக்கிக் காக்க வேண்டும். அந்த மூட்டை குறைய வேண்டுமானால், தொட்டியில் போடும் உப்பே குறைந்தாக வேண்டும். பருத்திக்கு முன்கூட்டியே நேர்மின் தன்மை ஏற்றி, உப்பில்லாமலே சாயம் பிடிக்கவைக்கும் முறை உண்டு. அது ஏன் இன்னும் பட்டறைகளில் பரவவில்லை என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)