பழைய பழக்கமும் பாதுகாப்பு அனுமதியும்

ஒருவரை நம்பலாமா என்பதை எவ்வாறு அறிவது? கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் சங்க நிர்வாகிகள் நன்கறிந்த கேள்வி இது. அமெரிக்க ஐக்கிய நாட்டுச் சர்க்காரும் தன் இரகசியங்களை ஒருவரிடம் ஒப்படைக்குமுன் இதையே கேட்கிறது. விசாரித்துத் திருப்தியுற்றபின் அது வழங்குவதே பாதுகாப்பு அனுமதி. இராணுவத் துறைகளிலும் அவற்றுக்கு வேலை செய்யும் கம்பெனிகளிலும் அஃதின்றிப் பல உத்தியோகங்கள் கிட்டா. முன்பு கஞ்சா முதலிய போதைப் பொருள்களை உட்கொண்டவருக்கு அது கிடைக்குமா என்பதை இங்கு விளக்குவோம்.

2017-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமலுக்கு வந்த கட்டளை, விண்ணப்பதாரரைப் பரிசீலிக்க 13 நெறிகளை வகுத்துள்ளது. அவற்றுள் எட்டாவது போதைப் பொருள் பற்றியது. போதை அறிவை மயக்கும். தடை செய்யப்பட்டதை அறிந்தே உட்கொள்பவர் பிற விதிகளையும் மதிப்பாரா என்ற ஐயமும் எழும். இவையே அந்நெறிக்குக் காரணங்கள்.

எனினும், பழைய பிழை ஒன்றே கதவை அடைத்துவிடுவதில்லை. எத்தனை காலத்திற்கு முன், எத்தனை முறை, எந்தச் சூழ்நிலையில் என்பன கவனிக்கப்படுகின்றன. பழைய சகவாசத்தை விட்டாரா, சிகிச்சையை முடித்தாரா, இனித் தொடுவதில்லை என எழுதிக் கையொப்பமிட்டாரா என்பனவும் அவருக்குச் சாதகமாகக் கொள்ளப்படும். இத்தனை ஆண்டுகள் கழிந்தால் போதும் என்ற கணக்கு அக்கட்டளையில் இல்லை. முன்பு கஞ்சா உட்கொண்டது மட்டுமே முடிவைத் தீர்மானிக்காது என்று 2021 டிசம்பரில் மேலதிகாரிகள் தெளிவுபடுத்தினர்.

இன்றும் உட்கொள்பவர் நிலை வேறு. அத்தகையோருக்கு அனுமதி வழங்கலாகாது என 2008-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சில மாநிலங்கள் கஞ்சாவை அனுமதித்துள்ளன. ஆனால் இவ்விஷயத்தில் மத்திய சர்க்காரின் சட்டமே செல்லும்.

பலர் இடறுவது வேறோர் இடத்தில். எஸ்.எஃப்.-86 எனும் வினாப் படிவத்தின் 23-ஆம் பகுதி, கடந்த 7 ஆண்டுப் பழக்கத்தைக் கேட்கிறது. முன்னரே அனுமதி பெற்றிருந்த காலத்தில் உட்கொண்டதுண்டா என்று கேட்கும்போது ஆண்டு வரம்பே இல்லை. அங்குக் கூறும் உண்மையைப் பின்னர்க் குற்ற வழக்கில் அவருக்கெதிரான சாட்சியமாகக் கொள்வதில்லை என்ற உறுதியும் அதிலேயே அச்சிடப்பட்டுள்ளது. அஞ்சி மறைத்தாலோ நேர்மை பற்றிய ஐந்தாவது நெறி குறுக்கே நிற்கும். அறிந்தே பொய் கூறுவது 5 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமுமாகும். மன்னிக்கப்பட்டிருக்கக் கூடிய சிறு பிழை, மறைத்ததனால் பெரும் பிழையாகிவிடுகிறது.

அனுமதி மறுக்கப்பட்டவருக்குக் காரணம் எழுத்து மூலம் தெரிவிக்கப்படும், அவர் பதிலளிக்கலாம். ஆயினும் தீராத ஐயம் எஞ்சினால் தீர்ப்பு நாட்டின் பாதுகாப்பின் பக்கமே சாயும். அனுமதி எவருக்கும் உரிமையன்று என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1988-இல் கூறியுள்ளது.

தவறியவர் திருந்தலாம்; திருந்தியதற்கு முதற் சான்று உண்மையைக் கூறுவதே. நாணயத்தையே மூலதனமாகக் கொண்ட கூட்டுறவாளர்களுக்கு இதனை விரித்துரைக்கவும் வேண்டுமோ!