யார் வேகமாக? யார் கவனமாக?

போடிநாயக்கனூரில் விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏறினால் கேரளம். இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் பெண்கள் வேலைக்குப் போகிறார்கள்.

வளைவில் ஜீப் சாய்கிறது. "முந்தின வண்டியைவிட வேகமாப் போறீங்களே. இன்னும் மெதுவாப் போங்க தம்பி" என்கிறார் ஓர் அம்மா.

இந்தப் பேச்சில் ஓர் இலக்கணம் இருக்கிறது. இங்கே வண்டியின் அழகையோ விலையையோ ஒப்பிடவில்லை. அது போகும் விதத்தை ஒப்பிடுகிறார். வேகமாக, மெதுவாக, கவனமாக என்பவை வேலை எப்படி நடக்கிறது என்று காட்டும் சொற்கள். இவற்றுக்கு வினையடை என்று பெயர்.

தமிழில் ஒப்பிடுவது சுலபம். 'விட' சேர்த்தால் போதும். மலையாளத்தில் 'காள்' சேர்ப்பார்கள். 'என்னைவிட' என்பது அங்கே 'என்னெக்காள்'. இரண்டிலும் 'வேகமாக' என்ற சொல் மாறத் தேவையில்லை.

ஆங்கிலத்தில் அந்தச் சொல்லே மாறும். 'ஃபாஸ்ட்' என்றால் வேகமாக. 'ஃபாஸ்டர்' என்றால் இன்னும் வேகமாக. 'விட' என்பதற்கு 'தேன்' என்பார்கள். (நக்கிச் சாப்பிடும் தேன் அல்ல!)

'லி' என்று முடியும் சொற்கள் பலவற்றுக்கு முன்னால் 'மோர்' வரும். மோர் ஸ்லோலி, இன்னும் மெதுவாக. மோர் கேர்ஃபுலி, இன்னும் கவனமாக. 'ஏர்லி' மட்டும் வேறு மாதிரி. அது 'ஏர்லியர்' ஆகும். 'வெல்' என்பது 'பெட்டர்' ஆகிவிடும். 'மோர் ஃபாஸ்டர்' என்று படித்தவர்களே சொல்வதுண்டு. அது தவறு. ஒன்று போதும்.

தோட்டத்தில் தங்கை அக்காவைவிட வேகமாகக் காய் எடுக்கிறாள். அக்கா தங்கையைவிடக் கவனமாக எடுக்கிறாள். யார் நல்ல வேலைக்காரி? முற்றாத காயைப் பறித்தால் உலர்த்தும்போது சுருங்கிப்போகும். கூடை நிறைந்தாலும் பயன் குறைவு. ஆகவே எந்த விதத்தில் ஒப்பிடுகிறோம் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒரு சொல்லில் மட்டும் ஏமாந்துவிடக் கூடாது. 'ஹார்ட்' என்றால் கடுமையாக. 'ஷி ஒர்க்ஸ் ஹார்ட்', அவள் கடுமையாக உழைக்கிறாள். முன்பைவிடக் கடுமையாக என்றால் 'ஹார்டர்'. ஆனால் 'ஹார்ட்லி' என்றால் பொருள் தலைகீழ். 'ஷி ஹார்ட்லி ஒர்க்ஸ்' என்றால் அவள் வேலையே செய்வதில்லை என்பது போல ஆகிவிடும்!

கூலி உயர்வு கேட்டு யாராவது ஆங்கிலத்தில் மனு எழுதித் தந்தால், வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். 'ஹார்ட்' பக்கத்தில் 'லி' கேட்டால் நிறுத்துங்கள். அந்த 'லி'யை அடிக்கச் சொல்லிவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.