மொனார்க் விதையும் விழிஞ்ஞத்து எருக்கும்

மொனார்க் வண்ணத்துப்பூச்சி திருவனந்தபுரம் கடற்கரையிலுள்ள விழிஞ்ஞத்துக்கு வராது. விதைப் பொட்டலத்தின் மேல் எவ்வளவு அழகான படம் போட்டிருந்தாலும் வராது. அது வட அமெரிக்கப் பூச்சி. குளிர்காலம் நெருங்கும்போது கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் கிளம்பி மெக்சிகோவின் மலைக்காடுகளில் போய் அடையும். அந்த வலசைக் கூட்டம் குறைந்துகொண்டே வந்ததால் 2022-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவித்தது. அடுத்த ஆண்டு ஒரு படி கீழே இறக்கினாலும் ஆபத்துப் பட்டியலிலிருந்து நீக்கவில்லை. மொனார்க்கின் புழு பால் வடியும் எருக்கு இனச் செடிகளைத் தவிர வேறெதையும் தின்னாது. ஆகவே வீட்டுக்கு வீடு அந்தச் செடியை வளர்க்கச் சொல்லி அமெரிக்காவில் இயக்கமே நடக்கிறது. அங்கே அது நியாயமான வேலை. அந்த வேண்டுகோள் கைப்பேசி வழியாக இங்கே வந்து, இணையக் கடையில் விதை வாங்கும் ஆசையாக மாறும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

விழிஞ்ஞம், கோவளம் பக்கத்துச் செம்மண் மேடுகளிலும் கடலோர மணலிலும் யாரும் விதைக்காமலே எருக்கு நிற்கிறது. மொனார்க்கின் ஒன்றுவிட்ட சகோதரனான வெந்தய வரியன் முட்டையிடுவது அதில்தான். மலையாளத்தில் எரிக்குதப்பி என்பார்கள். ஆரஞ்சு நிறச் சிறகு, கறுப்பு விளிம்பு, நுனியில் வெள்ளைப் பொட்டுகள். இலையைத் திருப்பிப் பார்த்தால் குண்டூசித் தலை அளவில் ஒரே ஒரு வெண்முட்டை ஒட்டியிருக்கும். சில நாளில் பொரிந்து வரும் புழுவின் உடம்பில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகள். முதுகில் மூன்று இணை கறுப்புக் கொம்புகள் (மொனார்க் புழுவுக்கு இரண்டு இணைதான்). பெரிய புழு தின்பதற்கு முன்பு இலை நரம்பைக் கடித்துவிட்டுப் பால் வடியக் காத்திருப்பதைக் கொஞ்சம் பொறுமையாக நின்றால் கண்ணாலேயே பார்க்கலாம். மிச்சப் பாலில் உள்ள நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பெரும்பாலான பறவைகள் அதைத் தொடுவதில்லை.

வளர்ப்பது எளிது. காய் முற்றி வெடிக்கப் போகும் தறுவாயில் பறித்து, பஞ்சை நீக்கி, இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்கு முன்பு மணல் கலந்த மண்ணில் மேலாகத் தூவினால் முளைத்துவிடும். விதையைக் குளிர்பெட்டியில் வாரக்கணக்கில் வைக்கும் அமெரிக்க முறை பனி கொட்டும் நாட்டுச் செடிகளுக்கானது, எருக்குக்குத் தேவையில்லை. தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். வேலியில் இடமிருந்தால் கொடிப்பாலை வைக்கலாம், நீலநிற வரியன்கள் வரும். அரளி இருந்தால் வெண்புள்ளிக் கருப்பனும் வரும்.

ஒன்றை மட்டும் யாரும் அலட்சியம் செய்யக்கூடாது என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். எருக்கம்பால் கண்ணில் பட்டால் வலி பெரிதாக இருக்காது. சில சமயம் வலியே இருக்காது. ஆனால் விழிப்படலத்தின் உள்ளடுக்குச் செல்களை அது தாக்கும். படலம் நீர்கோத்து வீங்கிப் பார்வை புகைமூட்டமாகும். வலி இல்லாததால் ஆட்கள் தூங்கி எழுந்து பார்க்கலாம் என்று இருந்துவிடுகிறார்கள். அந்தத் தாமதம்தான் ஆபத்து. உடனே குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு இமையை விரித்துக் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவ வேண்டும். கண்ணைக் கசக்கக் கூடாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், பக்கத்து வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்து எதுவும் வேண்டாம். கழுவிய கையோடு கண் மருத்துவரிடம் போய், பட்டது எருக்கம்பால் என்று சொல்லுங்கள். திருவனந்தபுரத்திலேயே அரசின் மண்டலக் கண் மருத்துவ நிலையம் இருக்கிறது. நேரத்தோடு போனால் பெரும்பாலும் பார்வை திரும்பிவிடும். பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கம்பூ பறித்து மாலை கட்டுபவர்கள், செடியை ஒடிக்கும் பிள்ளைகள், கிளை வெட்டுபவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். செடியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் முகத்தில் வைக்காதீர்கள். செடியின் எந்தப் பகுதியையும் வாயில் வைக்கவும் கூடாது. இதயத்தைப் பாதிக்கும் நஞ்சு அதில் உண்டு. ஆடு மாடு கட்டும் இடத்தில் நட வேண்டாம்.

இனி விதைப் பொட்டலம். வெளிநாட்டு விதையை விதைப்பதற்கென்று தருவிக்க, 2003-ஆம் ஆண்டுத் தாவரத் தொற்றுத் தடுப்பு ஆணையின்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றும் வேண்டும். வளைகுடாவிலிருந்து வருபவர் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாலும் விதி அதுதான். 2020 ஆகஸ்டில், யார் அனுப்பியது என்று தெரியாத விதைப் பொட்டலங்களைப் பற்றி மத்திய வேளாண் அமைச்சகம் எல்லா மாநிலங்களையும் எச்சரித்தது. அப்படி ஏதாவது வந்தால் பிரிக்காமல், குப்பையில் போடாமல் கிருஷி பவனில் (வேளாண் அலுவலகத்தில்) ஒப்படையுங்கள். சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் அஸ்கிளிபியஸ் குராசாவிகா என்ற எருக்கு இனச் செடி வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்தது. வெந்தய வரியனின் புழு அதையும் தின்னும் என்பது உண்மைதான். ஆனால் பஞ்சோடு பறக்கும் அதன் விதை வேலிக்குள் நிற்காது. ஊர் எருக்கு இருக்கும்போது அதைக் காசு கொடுத்து வாங்கிப் பரப்புவதில் எனக்கு ஒப்புதல் இல்லை.

'மொனார்க் நிச்சயம் வரும்' என்று சொல்லி இந்தியாவில் விதை விற்பது நுகர்வோரை ஏமாற்றும் விளம்பரம். பொருள் எந்த நாட்டில் உற்பத்தியானது என்பதை இணையத்தில் விற்பவர் காட்டியாக வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. கடையின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். தராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ரசீதையும் விளம்பரப் படத்தையும் பத்திரமாக வைத்திருங்கள்.

நாற்றுப் பண்ணையில் வாங்குவதாக இருந்தால் பூச்சிமருந்து போட்டார்களா என்று கேளுங்கள். வேரில் ஊற்றிய மருந்து இலைக்கு ஏறிவிட்டால் புழு தின்றதும் செத்துப்போகும். செடியில் மஞ்சள் அசுவினி அப்பினால் மருந்து தேடி ஓடாமல், முட்டையும் புழுவும் இல்லாத கிளையில் தண்ணீரைப் பீய்ச்சி உதிர்த்துவிடலாம்.

வளர்ந்த பூச்சியைப் பிடித்துப் பாடம் செய்வதும், கூட்டுப்புழுவை விற்பதும் வேறு விவகாரம். வெந்தய வரியனைப் போலவே வேடமிட்டுத் திரியும் பெண்களைக் கொண்ட இன்னொரு வண்ணத்துப்பூச்சி, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் நெடுங்காலமாக இடம்பெற்ற இனம். பறக்கும்போது இரண்டையும் பிரித்தறிவது கடினம். அந்தச் சட்டத்தின் தண்டனை 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் கூட்டப்பட்டிருக்கிறது. படம் எடுத்துக்கொண்டு பூச்சியை விட்டுவிடுவதே நல்லது.

தோட்டத்தில் நாலு செடி வைத்தால் மட்டும் போதாது. 2015-இல் துறைமுகப் பணி தொடங்கி, 2025 மே மாதம் முறைப்படித் திறப்புவிழா நடந்த பகுதி இது. சாலையும் கட்டடமும் வரும்போது முதலில் புதர் என்று வழிக்கப்படுவது எருக்கு நிற்கும் புறம்போக்குதான். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மணல்மேடுகளைச் சூழல் முக்கியத்துவம் மிக்க பகுதியாக வைத்திருக்கிறது. அங்கே அத்துமீறல் நடந்தால் கேரளக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்துக்கு எழுதுங்கள். விழிஞ்ஞம் 2010 முதல் திருவனந்தபுரம் மாநகராட்சியின் பகுதி. ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டுச் சட்டம். உங்கள் வட்டாரத்தின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் இந்தக் கரையின் செடிகளும் பூச்சிகளும் ஏறியிருக்கின்றனவா என்று 10 ரூபாய் கட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். எதுவும் நகராவிட்டால் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம். பிரச்சினை தலைதூக்கிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் கிடைக்கும். எனவே புல்டோசர் வந்த தேதியை அன்றே குறித்து, தேதி தெரியும்படி படமும் எடுத்து வையுங்கள்.